தொட்டிலோடு தீர்ந்துவிடுவதா தடுப்பூசி?

தடுப்பூசி என்று பேச்செடுத்தால் நம் தொழிலாளத் தோழர்களில் பலர் என்ன சொல்கிறார்கள்? "அது கைக்குழந்தை சமாச்சாரம், வீட்டில் பார்த்துக்கொள்வார்கள்" என்கிறார்கள். மில் வாசலிலும் டீக்கடை பெஞ்சியிலும் சங்க அலுவலகத்திலும் சம்பளம், போனஸ், பஞ்சப்படி, ரேஷன் என்று மணிக்கணக்கில் விவாதிக்கிற தோழர்கள், இந்த ஒரு விஷயத்தை மட்டும் அடுப்படிக்குள் தள்ளிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

இது சரியா? சரியல்ல என்பதே நம் கருத்து. தடுப்பூசி தொட்டிலில் ஆரம்பிப்பதும் அல்ல. தொட்டிலோடு தீர்வதும் அல்ல. குழந்தை பிறப்பதற்கு முன்பே, தாயின் கையில் ஆரம்பிக்கிறது. பள்ளிக்கூடம், பட்டறை, முதுமை என்று மனிதனோடு கூடவே நடந்து வருகிறது. எந்த வயதில் எது வரவேண்டும், அது ஏன் அந்த வயதில் வரவேண்டும், எது இலவசமாகக் கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை - இந்த நான்கையும் உழைக்கிற குடும்பம் ஒவ்வொன்றும் தெரிந்து வைத்திருக்கவேண்டும். பணக்காரனுக்கு நோய் வந்தால் வைத்தியத்துக்குப் பணம் போகும்; உழைப்பவனுக்கு வந்தால் பணமும் போகும், கூலியும் போகும், அடகு வைத்த தாலியும் போகும். ஆகவே நோயை வாசலிலேயே மறிப்பதில் மற்ற எவரையும்விட நமக்குத்தான் அக்கறை அதிகம் இருக்கவேண்டும்.

பால்காரிகள் கண்ட உண்மை

அறுபதைத் தாண்டிய பெரியவர்களின் கையைப் பாருங்கள். காசளவு வட்டத் தழும்பு ஒன்று இருக்கும். பெரியம்மைக்குப் போட்ட குத்து அது. அம்மை குத்துகிறவர் தெருமுனையில் தலைகாட்டினால் பிள்ளைகளைக் குதிருக்குப் பின்னால் ஒளித்துவைத்த காலம் ஒன்று இருந்தது. நோய் கண்ட வீட்டில் வேப்பிலை செருகி, "அம்மா வந்திருக்கிறாள்" என்று சொல்லி, வைத்தியரை வாசலோடு திருப்பி அனுப்பிய காலம் அது. அந்த நோய் இருபதாம் நூற்றாண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 30 கோடிப் பேரைக் கொன்றது என்பது மதிப்பீடு. இரண்டு உலகப் போர்களிலும் செத்தவர்களைக் கூட்டினாலும் அந்தக் கணக்கு வராது.

அதற்கு மருந்து எங்கிருந்து வந்தது? இங்கிலாந்து தேசத்தின் கிராமப்புறத்திலே, மாடு கறக்கும் பெண்களிடமிருந்து வந்தது. மாட்டம்மை கண்ட பால்காரிக்குப் பெரியம்மை வருவதில்லை என்பது அந்த உழைக்கும் பெண்களிடையே வழங்கிவந்த பேச்சு. அந்தப் பேச்சை அலட்சியம் செய்யாமல் காதுகொடுத்துக் கேட்டவர் எட்வர்ட் ஜென்னர் என்ற கிராமத்து வைத்தியர். 1796ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், ஒரு பால்காரியின் கையில் இருந்த மாட்டம்மைக் கொப்புளத்தின் பாலை எடுத்து, ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுத் தோட்டக்காரர் மகனின் கையில் கீறி ஏற்றினார். பிறகு பெரியம்மையையே கொடுத்துப் பார்த்தார். பையனை நோய் தொடவில்லை. லத்தீன் மொழியில் பசுவுக்கு 'வாக்கா' என்று பெயர். 'வாக்சின்' என்ற சொல் அதிலிருந்து பிறந்ததுதான்.

1802இல் அந்த மருந்து பம்பாய் வந்து சேர்ந்தது. 1899இல் சென்னை கிண்டியிலே கிங் நிலையம் எழுந்து அம்மைப்பால் தயாரித்தது. பிறகு சுதந்திர நாட்டின் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாக, குடிசை குடிசையாக ஏறி இறங்கினார்கள். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை அடங்கியது. 1977இல் சோமாலியா நாட்டில் கடைசியாக இயற்கையில் ஒருவருக்குக் கண்டது. 1980 மே மாதம், பெரியம்மை உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார சபை அறிவித்தது. இன்று பிறக்கும் குழந்தைக்கு அந்தக் குத்தே தேவையில்லை. ஒரு நோயைக் கடைசிவரை துரத்திவிட்டால், அதற்கான ஊசியையும் நாம் விட்டுவிடலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று எதற்கு?

ஊசி உடம்பிலே என்ன செய்கிறது?

ஒன்றும் மாயமில்லை. பெரிய மாநாடு நடப்பதற்கு முன்னால் தொண்டர் படைக்குப் பயிற்சி கொடுக்கிறோமல்லவா? கலகம் செய்ய வருகிறவன் எப்படி இருப்பான், எந்த வாசலில் நுழைவான், எப்படி மடக்குவது என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கிறோம். அதைப்போலத்தான் இதுவும். நம் ரத்தத்திலே உள்ள வெள்ளை அணுக்கள் ஒரு தொண்டர் படை. செத்த கிருமியையோ, வலு இழந்த கிருமியையோ, கிருமியின் ஒரு துண்டையோ ஊசி வழியாகக் காட்டினால், அந்தப் படை அடையாளத்தைக் கற்றுக்கொள்கிறது. எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்கிறது. கற்றதை நினைவிலும் வைத்துக்கொள்கிறது. அசல் கிருமி வரும்போது முதல் நாளே பாய்ந்து மடக்குகிறது.

படைக்கு ஒருநாள் பயிற்சி போதுமா? போதாது. மறக்காமலிருக்க மறுபடியும் பயிற்சி வேண்டும். "போன மாதம்தானே போட்டோம், இப்போது எதற்கு இன்னொன்று?" என்று கேட்கும் தாய்மார்களுக்கு இதுதான் பதில். முதல் ஊசி கற்றுக்கொடுக்கிறது. அடுத்த ஊசிகள் கற்றதை உறுதிப்படுத்துகின்றன. சில வருஷம் கழித்து வருவது மறந்ததை நினைவூட்டுகிறது.

பிறப்பதற்கு முன்பே

கர்ப்பிணிப் பெண்ணுக்கு 'டி.டி. ஊசி' போடுவது எல்லோருக்கும் தெரியும். ஏன் போடுகிறார்கள்? ரணஜன்னி என்ற நோயின் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வருஷக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். அந்தக் காலத்தில் துருப்பிடித்த கத்தியாலோ அரிவாளாலோ தொப்புள்கொடியை அறுத்தபோது பச்சைக் குழந்தையின் உடம்பில் அது புகுந்தது. பால் குடிக்க முடியாமல் தாடை இறுகி, உடம்பு வில்லாக வளைந்து, ஒரு வாரத்தில் குழந்தை போய்விடும். 1988இல் மட்டும் உலகத்தில் 7,87,000 பச்சைக் குழந்தைகள் இப்படிச் செத்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

தாய்க்குப் போடும் ஊசி இரண்டு உயிரைக் காக்கிறது. தாயின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேருகிறது. கர்ப்பம் தெரிந்தவுடன் ஒன்று. நான்கு வாரம் கழித்து இன்னொன்று. முந்திய பிரசவத்தில் இரண்டும் போட்டு மூன்று வருஷத்துக்குள் மறுபடி கர்ப்பமானால் ஒன்று போதும். இந்த ஊசியாலும் ஆஸ்பத்திரிப் பிரசவத்தாலும் 2015இல் இந்தியா பச்சைக் குழந்தைகளின் ரணஜன்னியை ஒழித்த நாடு என்று பெயர் பெற்றது. ஆனால் மண்ணில் கிருமி இருக்கத்தான் செய்கிறது. ஊசியை நிறுத்தினால் நோய் திரும்பிவரும் என்பதை மறக்கவேண்டாம்.

தொட்டிலிலே

குழந்தை பிறந்த அன்றே மூன்று. காசநோய்க்கு பி.சி.ஜி. ஊசி, இளம்பிள்ளை வாதத்துக்குப் போலியோ சொட்டு, பி வகை மஞ்சட்காமாலைக்கு ஊசி.

பிறந்தவுடன் காமாலை ஊசி எதற்கு, அவ்வளவு என்ன அவசரம் என்று கேட்கலாம். அவசரம் இருக்கிறது. இந்தக் கிருமி பெரியவர் உடம்பில் புகுந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தாமாகவே அதை விரட்டிவிடுவார்கள். பிறக்கும்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றினால் நிலைமை தலைகீழ். பத்துக் குழந்தைகளில் ஒன்பதின் ஈரலில் அது ஆயுள் முழுவதும் தங்கிவிடுகிறது. நாற்பது வயதில் ஈரல் சுருங்கியும், புற்று வைத்தும் ஆளைக் கொல்கிறது. 24 மணி நேரத்துக்குள் ஒரு ஊசி. அது நாற்பது வருஷம் கழித்து வரவிருக்கும் சாவைத் தடுக்கிறது.

பி.சி.ஜி. கதையும் தெரிந்துகொள்ளத் தக்கது. 1955இல் ராஜாஜி அவர்கள் இந்த ஊசியை ஊர் முழுக்கப் போடுவதை எதிர்த்துப் பேசினார், எழுதினார். சர்க்கார் போட்டுக்கொண்டே வந்தது. சண்டையை எது தீர்த்தது? மேடைப் பேச்சல்ல, சோதனை. 1968 முதல் செங்கற்பட்டு மாவட்டத்திலே லட்சக்கணக்கான மக்களிடம் பல வருஷம் நடந்த ஆராய்ச்சி, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்று காட்டியது. ஆனால், கைக்குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசத்தையும், உடம்பெங்கும் பரவும் காசத்தையும் அது தடுக்கிறது என்பது வேறு ஆராய்ச்சிகளில் தெளிவாயிற்று. எனவே குழந்தைக்கு வைத்துக்கொண்டார்கள். உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொள்வதே விஞ்ஞானம். ஒரு ஊசியின் பலன் வயதைப் பொறுத்தது என்பதற்கு நம் மண்ணில் நடந்த இந்த ஆராய்ச்சியே அத்தாட்சி.

அடுத்து ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம். ஐந்து நோய்களை ஒரே ஊசியில் தடுக்கும் 'பென்டா' இந்த மூன்று தடவையும் உண்டு. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, பி வகைக் காமாலை, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் உண்டாக்கும் ஹிப் கிருமி ஆகியவையே அந்த ஐந்து. நாட்டிலேயே முதன்முதலாக 2011 டிசம்பரில் இந்த ஊசியை இலவசத் திட்டத்தில் சேர்த்த இரண்டு மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும். கூடவே போலியோ சொட்டு, போலியோ ஊசி, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு, நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கஸ் ஊசி ஆகியவையும் இந்த வாரங்களில் முறைப்படி வருகின்றன.

ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை - ருபெல்லா ஊசி. ஏன் ஒன்பது மாதம்? அதற்குமுன் தாய் கொடுத்த எதிர்ப்புப் பொருள் குழந்தையின் ரத்தத்தில் இருக்கும். அது ஊசி மருந்தையே மடக்கிவிடும். ஒன்பது மாதத்தில் போட்டாலும் நூற்றுக்குப் பதினைந்து குழந்தைகளுக்குப் பலன் பிடிப்பதில்லை. அவர்களுக்காகத்தான் 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் இரண்டாம் தடவை. அதோடு போலியோ சொட்டும், முத்தடுப்பு ஊசியும் வருகின்றன. 5 வயதில் முத்தடுப்பு இன்னொரு தடவை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நடமாடும் மாவட்டங்களில் அதற்கும் ஊசி உண்டு. 1955இல் இந்தியாவில் அந்த நோய் முதலில் கண்டறியப்பட்டது வேலூரில்தான்.

இங்கேதான் நம் குடும்பங்கள் சறுக்குகின்றன. ஒன்பதாவது மாதம் வரை தாய் வீட்டில் இருக்கிறாள், ஊசி நடக்கிறது. ஒன்றரை வயதில் அவள் பனியன் கம்பெனிக்கோ செங்கற்சூளைக்கோ திரும்பிவிடுகிறாள், ஊசி நின்றுவிடுகிறது. பிழைப்புக்காக ஊர் மாறுகிறார்கள். அட்டை பழைய ஊர் பரணிலே கிடக்கிறது. தோழர்கள் மூன்று விஷயத்தை மனதில் வைக்கவேண்டும். எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஊசி போடலாம். சொந்த ஊர் என்ற நிபந்தனை கிடையாது. இடையில் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டியதில்லை. லேசான சளி, இருமலுக்காகத் தள்ளிப்போடவேண்டியதும் இல்லை. ஆனால் சில ஊசிகளுக்கு வயது வரம்பு உண்டு, பி.சி.ஜி.யை ஒரு வயதுக்குள் போட்டாகவேண்டும். எனவே தாமதம் கூடாது.

பள்ளிக்கூடத்திலே

பத்து வயதில் ஒன்று, பதினாறு வயதில் ஒன்று. ரணஜன்னியையும் தொண்டை அடைப்பானையும் சேர்த்துத் தடுக்கும் ஊசி இது. முன்பு ரணஜன்னிக்கு மட்டும் இருந்ததை 2019 முதல் இப்படி மாற்றினார்கள். காரணம், குழந்தையில் போட்ட ஊசியின் வேகம் வளர வளரக் குறைகிறது. தொண்டை அடைப்பான் பெரிய பிள்ளைகளையும் வாலிபர்களையும் பிடிக்க ஆரம்பித்தது. பதினாறு வயதில் படிப்பை விட்டுப் பட்டறைக்குப் போன பையனுக்கு யார் ஊசி போடுவது? பள்ளிக்கூடத்தில் இருப்பவனைத் தேடி நர்ஸம்மா வருவார். பட்டறையில் இருப்பவனை நாம்தான் அழைத்துக்கொண்டு போகவேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் உண்டு. கருப்பை வாயில் வரும் புற்றுநோய்க்கு மூல காரணம் எச்.பி.வி. என்ற கிருமி. 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் ஊசி போட்டால் அந்தப் புற்றையே பெருமளவு தடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தமிழ்நாட்டு அரசு 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையிலே 14 வயதுப் பெண்களுக்கு இந்த ஊசியைப் படிப்படியாகப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. பள்ளியில் படிவம் கொடுத்தால், கூச்சப்பட்டு மடித்து வைத்துவிடாமல் தகப்பன்மார் கையெழுத்துப் போடவேண்டும். நாற்பது வயதில் தாயை இழந்த வீடுகள் எத்தனை என்பதை நம் தெருக்களிலே எண்ணிப் பார்த்தால் கூச்சம் பறந்துவிடும்.

ஒருவன் செங்கல், ஊரார் சுவர்

"என் பிள்ளைக்குப் போடுவதும் போடாததும் என் இஷ்டம்" என்று சொல்கிறவர்களும் உண்டு. தட்டம்மை கண்ட ஒரு பிள்ளை, தடுப்பில்லாத கூட்டத்தில் இருந்தால் பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்கு அதைக் கொடுத்துவிடும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஊசி போட்டிருந்தால் கிருமிக்குப் போக்கிடம் இல்லை. மீதி ஐந்து பேரும் பிழைத்துக்கொள்வார்கள். அந்த ஐந்து பேர் யார்? ஊசி போடும் வயது வராத கைக்குழந்தை. புற்றுநோய்க்கு மருந்து சாப்பிடும் பிள்ளை. நம் வீட்டுச் செங்கல்லை நாம் உருவினால் அடுத்த வீட்டுத் தொட்டிலின் மேல் சுவர் விழுகிறது.

சமோவா என்ற பசிபிக் தீவு நாட்டின் கதையைக் கேளுங்கள். மொத்த ஜனத்தொகையே சுமார் இரண்டு லட்சம். 2018இல் இரண்டு நர்சுகள் ஊசி மருந்தைக் கரைக்கும் நீருக்குப் பதிலாகத் தவறுதலாக வேறொரு மருந்தைக் கலந்து போட்டார்கள். இரண்டு குழந்தைகள் செத்தன. தவறு கலந்தவர்களுடையது, தடுப்பு மருந்தினுடையதல்ல. ஆனால் சர்க்கார் பல மாதம் அந்த ஊசியையே நிறுத்தியது, வதந்தி பரவியது, மூன்று குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் தடுப்பு என்ற அளவுக்கு நிலை தாழ்ந்தது. 2019இல் தட்டம்மை வந்து இறங்கியது. 83 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

அங்கே மட்டுமா? 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும் தட்டம்மை - ருபெல்லா ஊசி போட முனைந்தபோது, செல்போனிலே எத்தனை பொய்கள் ஓடின! பெற்றோர்கள் பள்ளிக்கூடத்தை முற்றுகையிடாத குறை. மேல்நாட்டிலும் 1998இல் ஒரு டாக்டர், பன்னிரண்டே குழந்தைகளை வைத்துக்கொண்டு, இந்த வகை ஊசிக்கும் ஆட்டிசம் என்ற மனவளர்ச்சிக் குறைக்கும் முடிச்சுப் போட்டார். அந்தக் கட்டுரை பிழையானது என்று 2010இல் பத்திரிகையே திரும்பப் பெற்றுக்கொண்டது. அவருடைய டாக்டர் உரிமமும் பறிபோயிற்று. பொய் மட்டும் இன்னும் ஊர் சுற்றுகிறது.

ஊசியால் தொந்தரவே கிடையாது என்று நாம் சொல்லவில்லை. ஒருநாள், இரண்டுநாள் காய்ச்சல், போட்ட இடத்தில் வீக்கம், குழந்தையின் அழுகை எல்லாம் உண்டு. மிக அபூர்வமாகக் கடும் ஒவ்வாமையும் வரலாம். அதற்காகத்தான் அரைமணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்கிறார்கள். சந்தேகம் கேட்கிறவனை முட்டாள் என்று ஏசுவதில் பயனில்லை. உட்காரவைத்துப் பதில் சொல்லவேண்டும். கேள்வி கேட்பது தவறல்ல. பதிலைக் கேட்க மறுப்பதே தவறு.

பட்டறையிலே

இனி, நம் தோழர்களுடைய சொந்த விஷயத்துக்கு வருவோம். ரணஜன்னி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோயல்ல. மண்ணிலிருந்து நேரே காயத்துக்கு வருவது. எனவே மேலே சொன்ன ஊரார் சுவர் இங்கே உதவாது. ஊரே ஊசி போட்டிருந்தாலும், போடாத ஒருவனை ஆணி குத்தினால் அவனுக்குத்தான் ஆபத்து. கொத்தனார், சித்தாள், கடைசல்காரர், வயல் கூலி, துப்புரவுத் தொழிலாளி எல்லோருக்கும் இது பொருந்தும்.

ஊரில் சிலர் ஒவ்வொரு கீறலுக்கும் ஓர் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். வேறு சிலர் முப்பது வருஷமாக ஒன்றும் போடாமல் இருக்கிறார்கள். இரண்டும் சரியல்ல. சிறுவயது ஊசிகளை ஒழுங்காக முடித்தவர் பத்து வருஷத்துக்கு ஒன்று போட்டுக்கொண்டால் போதும். மண்ணும் சாணமும் பட்ட ஆழமான காயமாக இருந்து, கடைசி ஊசி போட்டு ஐந்து வருஷம் ஆகியிருந்தால், உடனே போடவேண்டும். முன்பு எதுவுமே போட்டுக்கொள்ளாதவர், அல்லது நினைவில்லாதவர், அதை டாக்டரிடம் சொல்லி முறையாக முழுத் தவணையும் போட்டுக்கொள்ளவேண்டும். கடைசியாகப் போட்ட தேதியைச் சம்பளச் சீட்டோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரி வார்டு ஊழியர், ஆம்புலன்ஸ் தோழர், குப்பையில் கிடக்கும் ஊசி கையில் குத்தும் அபாயமுள்ள துப்புரவுத் தொழிலாளி - இவர்களுக்கு பி வகைக் காமாலை ஊசி அவசியம். முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம் என்று மூன்று. இரண்டோடு நின்றுவிடுகிறவர்கள் வேலையைப் பாதியில் விட்டவர்கள்.

இரவு ஷிப்ட் முடிந்து வரும் தோழர்களுக்கு நாய்க்கடி புதிதல்ல. வெறிநாய்க்கடி நோய் கண்டபின் பிழைப்பது அநேகமாக இல்லை. ஆனால் காலத்தோடு முறையாகச் சிகிச்சை செய்தால் சாவதும் அநேகமாக இல்லை. 1885இல் பிரான்சு நாட்டிலே லூயி பாஸ்டர் காட்டிய வழி அது. கடித்தவுடன் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவவேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதையும் அப்பக்கூடாது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற காலம் மலையேறிவிட்டது, இப்போது கையில்தான். சர்க்கார் ஆஸ்பத்திரியில் தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று இலவசமாகப் போடுகிறார்கள். ஆழமான கடிக்குக் காயத்திலேயே போடும் தனி மருந்தும் வேண்டும், கேட்டு வாங்குங்கள். ஒருநாள் கூலிக்குப் பயந்து கடைசி ஊசியை விடாதீர்கள்.

முதுமையிலே

வயது அறுபதைத் தாண்டினால் நாம் சொன்ன அந்தத் தொண்டர் படையும் தளர்கிறது. வாலிபனுக்கு மூன்றுநாள் காய்ச்சலாகப் போகும் புளூ, கிழவருக்கு நிமோனியாவாக மாறி ஆளைக் கொண்டுபோகிறது. சர்க்கரை, ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்களுக்கும், பல வருஷம் பஞ்சுத் தூசியை விழுங்கிய நுரையீரலுக்கும் ஆபத்து அதிகம். இவர்களுக்கு வருஷம் ஒரு புளூ ஊசியும், நிமோனியாவைத் தடுக்கும் ஊசியும் போடச் சொல்லி டாக்டர்கள் பரிந்துரைக்கிறார்கள். சிறுவயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்பிலே பதுங்கிக் கிடந்து, முதுமையில் அக்கியாக வெடிக்கிறது. காவி பூசி அக்கி எழுதினால் அந்த எரிச்சல் போய்விடாது. ஐம்பது வயதுக்கு மேல் அதற்கும் இரண்டு தவணை ஊசி இருக்கிறது.

இருக்கிறது, ஆனால் எங்கே இருக்கிறது? தனியார் ஆஸ்பத்திரியின் குளிர்பெட்டியில் இருக்கிறது. அதன் விலை கூலிக்காரரின் மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் இலவசம் என்பது போராடி வளர்ந்த நல்ல ஏற்பாடு. நாற்பது வருஷம் உழைத்து ஓய்ந்தவருக்கு மட்டும் ஏன் கடைச் சரக்கு?

முடியாது என்று சொல்லமுடியாது

பெரியவர்களுக்கெல்லாம் போடமுடியுமா என்று கேட்பவர்களுக்கு 2021ஆம் ஆண்டே பதில். அந்த வருஷம் ஜனவரி 16ஆம் நாள் கொரோனா தடுப்பூசி ஆரம்பித்தது. செப்டம்பர் 12ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாடெங்கும் மாபெரும் முகாம் நடந்தது. பள்ளிக்கூடத்தில், பஸ் நிலையத்தில், தெருமுனையில் கிழவரும் குமரரும் வரிசையில் நின்று இலவசமாகப் போட்டுக்கொண்டார்கள். மனமிருந்தால் ஞாயிற்றுக்கிழமையிலும் முகாம் நடத்தமுடியும் என்று அன்று நாடே கண்டது.

மருந்துக்கு எங்கே போவது என்கிறார்களா? நம் மண்ணிலேயே இருந்தது. குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907இல் பிறந்தது, கிண்டி பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் 1948இல் பிறந்தது. தலைமுறை தலைமுறையாக நாட்டுக் குழந்தைகளுக்கு மருந்து கொடுத்த பொதுத்துறை ஆலைகள் இவை. தயாரிப்பு விதிகளுக்கேற்பப் புதுப்பிக்கப்படவில்லை என்று 2008 ஜனவரியில் இவற்றின் உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். 2010இல்தான் தடையை விலக்கினார்கள். புதுப்பிக்கவேண்டியவர் யார்? உடைமைக்காரரான சர்க்கார்தான். செங்கற்பட்டிலே பல நூறு கோடி ரூபாய் செலவில் எழுப்பிய தடுப்பூசி வளாகம், 2021இல் கொரோனா உச்சத்திலும் ஒரு குப்பி மருந்து தராமல் கிடந்தது. 1955இல் போலியோ ஊசியைத் தந்த ஜோனஸ் சால்க், அதற்குத் தனியுரிமை வாங்கிக் கோடீசுவரராகவில்லை. அது மக்கள் சொத்து என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. அந்த எண்ணம் ஆட்சியாளருக்கும் வேண்டும்.

எனவே நாம் கேட்பவை இவை. அறுபது வயது கடந்த உழைப்பாளிகளுக்குப் புளூ, நிமோனியா ஊசிகளை இலவசத் திட்டத்தில் சேர்க்கவேண்டும். துப்புரவுத் தொழிலாளருக்குக் காமாலை ஊசியும் ரணஜன்னி ஊசியும் வேலைக்குச் சேரும் அன்றே, முதலாளி அல்லது ஒப்பந்தக்காரர் செலவில், கிடைக்கவேண்டும். குழந்தைக்கு ஊசி போடப் போகும் தாய்க்கு அரைநாள் சம்பளம் பிடிக்கக்கூடாது. புதன்கிழமையோடு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஊசி நாளாகவேண்டும். தொழிற்சங்கங்கள் கோரிக்கைப் பட்டியலில் பஞ்சப்படிக்கு அடுத்த வரியாக இவற்றை எழுதலாம்.

கேட்பதோடு நின்றுவிடலாமா? கிளைக் கழகங்களும் சங்கக் கிளைகளும் செய்யக்கூடிய வேலை கையிலேயே இருக்கிறது. வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறும் தோழர்களுக்குத் தெருவைச் சொல்லித்தர வேண்டியதில்லை. போலியோ சொட்டுக்காக இப்படித்தான் வீடு வீடாகப் போனார்கள்; 2011 ஜனவரி 13க்குப் பிறகு இந்தியாவில் காட்டுப் போலியோ ஒரு குழந்தையையும் முடமாக்கவில்லை. அதே வழியில் போய், ஒன்றரை வயதுப் பிள்ளையின் அட்டையை வாங்கிப் பாருங்கள். விட்டுப்போன கட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். செங்கற்சூளையிலும் கட்டட வேலையிலும் இருக்கிற வடமாநிலத் தொழிலாளியின் குழந்தையை விட்டுவிடாதீர்கள். கிருமிக்கு மொழி வேற்றுமை கிடையாது. நர்ஸம்மாவிடம் பெயர்ப் பட்டியலைக் கொடுங்கள்.

அதற்கு முன்னால் இன்று இரவு வீட்டுக்குப் போனதும், சொந்தப் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். அட்டை இருக்குமிடம் தெரியாத தகப்பன், வரும் புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தானே சுகாதார நிலையத்துக்குப் போகட்டும். அங்கே, கையோடு கையாகத் தன்னுடைய ரணஜன்னி ஊசியைப் பற்றியும் கேட்டுவிட்டு வரட்டும்.